கணினி வலையமைப்புச் சொற்களும் அவற்றின் பொருளும்

கணினி வலையமைப்பின் பயனைத் துய்க்காதார் இந்நாளில் மிகச் சிலரே. ஆயினும், அத்துறைச் சொற்களை நாடோறும் வழங்கும் நாம் அவற்றைப் பொருளுணர்ந்து வழங்குகின்றோமா எனின், இல்லையென்றே கூறல் வேண்டும். இலண்டனில் வாழ்வோர் கொழும்பிலுள்ள உறவினரோடு இணையவழி உரையாடுங்கால், குரல் இடையிடையே அறுகின்றது. அவ்வழியிலேயே விடுத்த கடிதமோ ஓரெழுத்தும் குன்றாது வந்து சேர்கின்றது. இவ்வேறுபாட்டின் காரணத்தைச் சில சொற்களின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது சொல் பொதி. பழைய தொலைபேசி முறையில், இருவர் பேசி முடியுமளவும் அவர்க்கெனவே ஒரு தடம் ஒதுக்கப்பட்டது. கணினி வலையமைப்பிலோ, செய்தி சிறு சிறு கூறுகளாகப் பகுக்கப்படுகின்றது. இக்கூறுகளே பொதிகள். ஒவ்வொரு பொதியும் தான் சேரவேண்டிய முகவரியைத் தாங்கித் தனித்தனியே செல்லும். 1960களில் அமெரிக்காவிற் பரான் என்பாரும் இங்கிலாந்தில் டேவிசு என்பாரும் ஒருவரையொருவர் அறியாமலே இம்முறையைக் கண்டனர். பொதி என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரை இட்டவர் டேவிசு ஆவர்.

இரண்டாவது வழிப்படுத்தி. இது பொதியின் முகவரியை நோக்கி, அடுத்து அது செல்லவேண்டிய வழியிற் செலுத்துங் கருவியாகும். பொதிகள் மிகுந்து நெருங்குமாயின் அவை இங்கு வரிசையிற் காத்து நிற்கும். வரிசையும் நிரம்பிவிடின், எஞ்சியவை கைவிடப்படும்.

மூன்றாவது நெறிமுறை. செய்தியை எவ்வாறு விடுப்பது, எவ்வாறு ஏற்பது என்பதுபற்றிக் கணினிகளுக்கிடையேயுள்ள உடன்பாடே நெறிமுறை எனப்படும். சேவ், கான் என்னும் இருவர் 1974இல் வெளியிட்ட கட்டுரையினின்றும் வளர்ந்த நெறிமுறை, பொதிகளுக்கு வரிசையெண் இட்டு, வாராதவற்றை மீண்டும் அனுப்புவிக்கின்றது. கடிதம் பழுதின்றிச் சேர்தல் இதனாலேயாம். உரையாடலிற் பெரும்பாலும் வேறு நெறிமுறை கையாளப்படும்; அது தவறிய பொதியை மீண்டும் அனுப்புவதில்லை. பிந்தி வருஞ் சொல்லால் உரையாடலுக்குப் பயன் யாது? ஆதலின், தவறிய பொதிதோறும் குரல் அறுகின்றது.

இறுதியாக, மிகவும் மயங்கி வழங்கப்படும் இரு சொற்கள் பட்டையகலமும் சுணக்கமும் ஆம். பட்டையகலம் தெருவின் அகலத்தைப் போன்றது. ஒரு செக்கனில் எத்துணைத் தரவு செல்லுமென்பதைக் குறிக்கும். சுணக்கம் ஒரு பொதி சென்று சேர்தற்கு ஆகும் நேரமாகும். கொழும்பிலிருந்து இலண்டன் நேர்வழியில் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். எனவே, ஒருவழிச் செலவுக்கு மாத்திரம் 0.04 செக்கனுக்கு மேலாகும். எவ்வளவு பொருள் கொடுத்துப் பட்டையகலத்தைப் பெருக்கினும் இக்காலம் குறையாது.

மேலும், பட்டையகலம் பிற்றுக்களாலும், கோப்பின் அளவு பைற்றுக்களாலும் கூறப்படும். 8 பிற்றுக்கள் கொண்டது 1 பைற்று. ஆகவே, 40 மெகாபிற்று இணைப்பு ஒரு செக்கனில் 5 மெகாபைற்றையே கொணரவல்லது. 40 மெகாபைற்றை எதிர்பார்த்துப் பணங் கொடுப்போர் ஏமாற்றமே அடைவர்.

இங்ஙனம் சொல்லின் பொருள் தெளிந்தோர், குறை எங்குள்ளதெனத் தாமே ஆராய்ந்து, வேண்டுவதற்கு மட்டும் பொருள் செலவிடுவர். பொருளறியாதோர் விற்பவர் சொல்லையே நம்புவர். ஆதலின், நம் மாணவர்கள் கலைச்சொற்களை மனனஞ் செய்தலோடு அமையாது, ஒவ்வொன்றும் எதனைச் சுட்டுகின்றதென வினவித் தெளிவாராக.