ராம்ஸ் எதை அடகு வைத்தது?

2022 பிப்ரவரியில் சூப்பர் பௌல் ஜெயித்த பிறகு நடந்த வெற்றி ஊர்வலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் ஜெனரல் மேனேஜர் லெஸ் ஸ்னீட் ஒரு டீ-ஷர்ட் போட்டிருந்தார். டிராஃப்ட் பிக்குகளைக் கெட்ட வார்த்தையில் திட்டும் வாசகம், இங்கே எழுத முடியாது. அமெரிக்கன் ஃபுட்பாலில் துணிச்சலாக அணி கட்டுவது என்று பேச்சு வந்தாலே எனக்கு அந்த டீ-ஷர்ட்தான் ஞாபகத்துக்கு வரும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: என்எஃப்எல்லில் 32 அணிகளும் வருஷா வருஷம் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசைப்படி எடுப்பார்கள். மொத்தம் 7 சுற்று. போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்புதான் பிக். அடுத்த வருஷத்து பிக்கைக்கூட இப்பவே இன்னொரு அணிக்குக் கொடுத்து ஆள் வாங்கலாம். 2019இல் ஜேலன் ராம்ஸிக்காக ராம்ஸ் இரண்டு முதல் சுற்று பிக் கொடுத்தது. 2021இல் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டுக்காக இன்னும் இரண்டு, கூடவே பழைய குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபையும். 2016இல் காஃபை எடுத்த பிறகு 2024 வரைக்கும் அந்த அணி முதல் சுற்றில் ஒருத்தரையும் எடுக்கவே இல்லை.

இதை "துணிச்சல்" என்றும், டிராஃப்டில் எடுத்துப் பொறுமையாக வளர்க்கும் கிரீன் பே பேக்கர்ஸ் பாணியை "நிதானம்" என்றும் பிரிப்பது வழக்கம். எனக்கு இந்தப் பிரிவினை போதவில்லை. ஏன்னா நாளைக்கு வரவேண்டியதை இன்றைக்கே செலவழிக்க இரண்டு வழி இருக்கு. ஒன்று பிக். இன்னொன்று சம்பளக் கணக்கு. இரண்டும் வேற வேற மாதிரி கடன்.

சம்பளக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஒவ்வொரு அணியும் ஆட்டக்காரர்களுக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று 1994லிருந்து ஒரு உச்சவரம்பு, அதாவது சேலரி கேப், இருக்கிறது. 2025இல் அது 27.92 கோடி டாலர். ஆனால் கையெழுத்துப் போடும்போது கொடுக்கும் போனஸை 5 வருஷம் வரை பிரித்து எழுதலாம். 5 கோடி போனஸ் என்றால் பணம் இன்றைக்கே ஆட்டக்காரர் கைக்குப் போய்விடும், கணக்கிலோ வருஷத்துக்கு 1 கோடிதான். இரண்டு வருஷத்தில் அவரை அனுப்பிவிட்டால் மிச்சம் 3 கோடி உங்கள் தலையில்தான். அதற்குப் பெயர் டெட் மணி. ஆள் இல்லை, கணக்கு மட்டும் இருக்கும்.

நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ் ட்ரூ ப்ரீஸின் கடைசி வருஷங்களில் இப்படித்தான் தள்ளித் தள்ளி வைத்தது. 2021இல் கொரோனாவால் உச்சவரம்பே 19.82 கோடியிலிருந்து 18.25 கோடிக்கு இறங்கியது, ப்ரீஸும் ஓய்வு பெற்றார். பழைய சம்பளத்தைப் போனஸாக மாற்றி மறுபடி தள்ளினார்கள். அடுத்த நான்கு சீசனிலும் பிளேஆஃப் இல்லை. ஒரேயடியாக இடித்துக் கட்டவும் முடியாமல், ஜெயிக்கவும் முடியாமல் நடுவிலேயே மாட்டிக்கொண்ட அணி. எங்க தொழிலில் பழைய கோடைத் திருத்தி எழுதாமல் மேலே மேலே ஒட்டுப் போடுவோமே, அதே கதை.

ராம்ஸ் அடகு வைத்தது முக்கியமாக முதல் சுற்றை. கீழ்ச்சுற்று பிக்குகளை அவர்கள் சும்மா விடவில்லை. முதல் சுற்றே இல்லாத 2020, 2021 இரண்டு டிராஃப்டிலும் ஆளுக்கு 9 பேர் எடுத்தார்கள், 7 சுற்றுக்கு 9 பேர்! ஆட்டக்காரர்கள் வெளியேறினால் லீக் ஈடாகக் கொடுக்கும் பிக்குகளும் இதில் உதவும். அந்த சூப்பர் பௌலின் சிறந்த ஆட்டக்காரர் கூப்பர் கப், 2017இல் மூன்றாம் சுற்றில் வந்தவர்.

விலை கொடுக்கவில்லையா? கொடுத்தார்கள். 2022இல் காயங்கள் வரிசையாக வந்து 5–12. சாம்பியன் அணி ஒன்று மறு வருஷம் இவ்வளவு மோசமாக ஆடியதே இல்லை. வழக்கமாகத் தோற்ற அணிக்கு ஆறுதலாக நல்ல பிக் கிடைக்கும். அந்த ஆறாவது பிக்கோ டெட்ராய்ட் லயன்ஸிடம் இருந்தது. விழுந்தால் தாங்கும் மெத்தையை முன்கூட்டியே விற்றுவிட்டார்கள். ஆனாலும் 2023 டிராஃப்டில் 14 பேர் எடுத்தார்கள். அதில் 177ஆவதாக, ஐந்தாம் சுற்றில் வந்த புக்கா நாகுவா முதல் வருஷத்திலேயே 105 கேட்ச், 1,486 கெஜம். புதுமுகங்களில் அது அப்போது லீக் சாதனை. அணி உடனே பிளேஆஃபுக்குத் திரும்பியது.

இப்போ பேக்கர்ஸ். 2005இல் 24ஆவதாக ஏரன் ராட்ஜர்ஸை எடுத்து மூணு வருஷம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். 2010 சீசனில் சூப்பர் பௌல். அதற்குப் பிறகு 2014, 2016, 2019, 2020 சீசன்களில் இறுதிக்கு ஒரு படி முன்னால் தோல்வி. 2020 டிராஃப்டில், அணி அந்தப் படி வரைக்கும் வந்திருந்த நேரத்தில், முதல் சுற்றில் எடுத்தது அடுத்த குவார்ட்டர்பேக் ஜோர்டன் லவ்வை. அவரும் மூணு வருஷம் காத்திருந்தார்.

துணிச்சலின் செலவு கணக்குப் புத்தகத்தில் டெட் மணியாகவும், கைவிட்டுப்போன பிக்காகவும் எழுதப்படும். நிதானத்தின் செலவை யாரும் எழுதுவதில்லை. ராட்ஜர்ஸ் மாதிரி ஒருத்தருடைய நல்ல வருஷங்கள் எந்தப் பத்தியிலும் கழிக்கப்படாமலே கழிந்துபோகும்.

அந்த பேக்கர்ஸே 2025 ஆகஸ்டில் மைக்கா பார்சன்ஸுக்காக இரண்டு முதல் சுற்று பிக்கும் கென்னி கிளார்க்கும் கொடுத்து, 4 வருஷத்துக்கு 18.8 கோடி டாலர் ஒப்பந்தமும் போட்டது. இரண்டு வகைக் கடனும் ஒரே நாளில். பிக் போனதில் எனக்குப் பெரிய கவலை இல்லை, அணி நன்றாக ஆடினால் அது கடைசி வரிசை பிக்தான். அந்த ஒப்பந்தத்தை எத்தனை தடவை பிரித்து எழுதித் தள்ளப் போகிறார்கள் என்பதைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.