படியும் தராசும்: இரண்டு சந்தை ஊர்கள்

நெய்வேலி நகரியம் காகிதத்தில் பிறந்த ஊர். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பின், வட்டம் வட்டமாகப் பிரித்து, எண் கொடுத்து, வரைபடத்தைப் பார்த்துக் கட்டினார்கள். சந்தை ஊர் அப்படிப் பிறப்பதில்லை. பாதைகள் கூடும் இடத்தில் ஒருவர் கூடையை இறக்குகிறார். அதைக் கண்டு இன்னொருவர் இறக்குகிறார். ஊர் தானாக வளர்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஊரைப் பார்க்க வேண்டுமானால் ஆர்ச் கேட்டில் பேருந்து ஏறுங்கள். வடக்கே சுமார் இருபது கிலோமீட்டரில் பண்ருட்டி.

வழியில் காடாம்புலியூர்ப் பக்கம் இருபுறமும் செம்மண்ணில் முந்திரித் தோப்புகளைக் காண்பீர்கள். சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலிருந்து வெட்டி அகற்றப்படும் மண்ணும் இந்தத் தோப்பு மண்ணும் உறவுக்காரர்கள். இரண்டையும் 'கடலூர் மணற்கல்' என்ற ஒரே அடுக்கோடு சேர்த்தே நிலவியலார் பேசுவர். நீர் தேங்காமல் இறங்கிவிடுவதால் முந்திரிக்கு இந்த நிலம் ஏற்றது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் வீசிய 'தானே' புயல் இந்த வட்டாரத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. தோப்பு மீண்டும் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதை இங்கே யாரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் வேடிக்கை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இங்கே எதை, எதனால் அளக்கிறார்கள்? பலாப்பழ மண்டியில் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். காய் 'டண்' என்று கணீரென ஒலிக்கும். பழுத்தது மந்தமாக ஒலிக்கும். உள்ளே சுளை மென்மையாகி, அதிர்வை விழுங்கிவிடுவதே காரணம். முந்திரிக் கொட்டைக்கோ தராசுதான்.

இங்குள்ள ஆலைகளில் உடைபடும் கொட்டையெல்லாம் உள்ளூரில் விளைந்ததன்று. ஐவரி கோஸ்ட், கானா, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் தூத்துக்குடி வழியாகவும் வருகிறது. முந்திரியின் தாயகம் பிரேசில். அதை இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர். இன்று ஐவரி கோஸ்ட் மட்டும் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் விளைவிக்கிறது.

அந்தச் சாக்கு கிளம்பும் பக்கத்தையும் கொஞ்சம் பார்ப்போம். கானாவின் நடுப்பகுதியில் டெச்சிமான் என்றொரு சந்தை ஊர். தெற்கே காடு, வடக்கே புல்வெளி. இரண்டும் கலக்கும் இடத்தில், குமாசியிலிருந்தும் வடபகுதியிலிருந்தும் வரும் சாலைகள் கூடும் சந்தியில் அது இருக்கிறது. வள்ளிக்கிழங்கு, மக்காச்சோளம், தக்காளி, மிளகாய் என்று வாரச் சந்தையில் லாரி லாரியாக இறங்கும். சுற்றுவட்டாரம் முந்திரி விளையும் பூமி. வியாபாரம் பெரும்பாலும் பெண்கள் கையில். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தலைவி உண்டு. 'அரசி' என்றே அழைப்பார்கள். வழக்கு வந்தால் தீர்ப்பவரும் அவரே.

அந்நாட்டுச் சந்தைகளில் தானியத்தை அளக்க 'ஒலோங்கா' என்ற தகரப் பாத்திரம் உண்டு. நம் பாட்டிமார் கையாண்ட படியை நினைத்துக்கொள்ளுங்கள். படியிலும் தலைதட்டி அளப்பது, குவித்து அளப்பது என்று இரண்டு வகை இருந்ததல்லவா? குவிப்பதில் எவ்வளவு கூடும்? கணக்குப் போடுவோம்.

20 செ.மீ. விட்டம், 10 செ.மீ. ஆழம் உள்ள உருளைப் பாத்திரம் ஒன்று. கொள்ளளவு ஏறத்தாழ 3140 கன செ.மீ. தானியக் குவியல் கிடைமட்டத்தோடு 30 பாகை சாய்வில் நிற்கிறது என்று கொண்டால், மேலே உள்ள கூம்பின் உயரம் 5.8 செ.மீ. அதன் கன அளவு சுமார் 600. அதாவது ஐந்தில் ஒரு பங்கு உபரி! இப்போது அதே கொள்ளளவில் அகலமான பாத்திரம் எடுங்கள்: விட்டம் 28 செ.மீ., ஆழம் 5.1 செ.மீ. குவியல் சுமார் 1660 கன செ.மீ. ஆகிவிடுகிறது. உபரி பாதிக்கு மேல்! தலைதட்டினால் இரண்டும் ஒன்றே. குவித்தால் வேறு வேறு. விற்பவர் தம் பாத்திரத்தை வைத்திருப்பதும், வாங்குபவர் தம் பாத்திரத்தைக் கொண்டுவருவதும் ஒன்றல்ல என்பது இப்போது விளங்குகிறதா? எடைக்கு மாறியதில் நமக்குக் கிடைத்த பெரிய ஆதாயம் இதுதான் என்பேன்.

ஆனால் தராசு என்றதும் ஆப்பிரிக்கர் அறியாத பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். டெச்சிமான் பக்கத்து அகான் மக்கள் பல நூற்றாண்டுகள் பொன் துகளையே பணமாகப் புழங்கினார்கள். பறவை, மீன், விலங்கு என்று அழகழகான வடிவங்களில் பித்தளை எடைக்கற்கள் வார்த்து வைத்திருந்தார்கள். குன்றிமணியால் பொன் நிறுத்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அங்கும் சிறு விதைகளால் நிறுத்தார்கள். வியாபாரி தன் தராசையும் கற்களையும் கையோடு கொண்டு போவார்.

தராசின் இரு கைகளும் சமநீளம் இல்லாவிட்டால்? பொருளை ஒரு தட்டில் வைத்து ஒரு முறை, மறு தட்டில் வைத்து ஒரு முறை நிறுங்கள். 980 கிராம், 1020 கிராம் என்று வந்தால், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். உண்மை நிறை 999.8 கிராம். நெம்புகோல் விதியைக் கொண்டு இதை நீங்களே நிறுவலாம்.

எடை சரியாக இருந்தாலும் ஏமாற இடம் உண்டு. 8 விழுக்காடு ஈரமுள்ள 80 கிலோ மூட்டையில் உலர்ந்த பொருள் 73.6 கிலோ. அதே சரக்கு 12 விழுக்காடு ஈரத்தில் 83.6 கிலோ நிற்கும். மூன்றரைக் கிலோவுக்கும் மேலான தண்ணீருக்குக் காசு! ஆகவே வாங்குபவர்கள் மாதிரிக் கொட்டைகளை எடுத்து, வெட்டி, நல்ல பருப்பை மட்டும் நிறுத்துப் பார்க்கிறார்கள். 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு என்பதே சந்தைக் கணக்கு. கிலோவும் பவுண்டும் கலந்த விசித்திரமான அலகு! 48 பவுண்டு என்றால் 21.8 கிலோ, நூற்றுக்கு 27 பங்குதான் பருப்பு.

மீதியில் பெரும்பகுதி ஓடு. ஓட்டினுள் இருக்கும் எண்ணெய் வண்டிகளின் பிரேக் பட்டைகளுக்கும் வண்ணப்பூச்சுகளுக்கும் உதவுகிறது. அதே எண்ணெய் தோலில் பட்டால் புண்ணாக்கும். சேராங்கொட்டையும் இதே குடும்பம்தான். பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்கள் கறுத்திருப்பதைப் பார்ப்பீர்கள். பல இடங்களில் அவர்களுக்குக் கூலி, நாள் கணக்கில் அல்ல. எடுத்த பருப்பின் எடைக்குத்தான். மாலையில் அந்தப் பருப்பை நிறுக்கும் தராசையும் ஒரு முறை நின்று பாருங்கள்.