பத்மபூஷணை ஏற்காத அதிகாரி
எஸ்.ஆர். சங்கரன் விட்டுச் சென்ற பணி

புதுதில்லி: பாதாளச் சாக்கடைகளையும் மலக்குழிகளையும் சுத்தம் செய்யும்போது ஐந்து ஆண்டுகளில் 340 பேர் உயிரிழந்ததாக 2021 பிப்ரவரியில் மக்களவையில் மத்திய அரசு தெரிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் மாநிலங்களவையில் வந்த பதிலோ, கையால் மலம் அள்ளும் பணியால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்றது. இரு பதில்களையும் அளித்தது ஒரே அமைச்சகம். மலம் அள்ளுவது வேறு, குழிக்குள் இறங்குவது வேறு என்று சட்டம் தனித்தனியே வரையறுத்திருப்பதால், ஏட்டளவில் இவற்றில் முரண்பாடு இல்லை.

கோப்புகளில் எழுதப்படும் சொற்கள் மனிதர்களை எவ்வாறு மறைத்துவிடும் என்பதை அரசுக்குள் இருந்தே அறிந்தவர் எஸ்.ஆர். சங்கரன். தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்து, ஆந்திரப் பிரிவில் இந்திய ஆட்சிப் பணி அதிகாரியாகப் பணியாற்றியவர். எழுபதுகளின் தொடக்கத்தில், மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலத்தின் தனி உதவியாளராக, நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டதில் பங்காற்றினார்.

ஆனால் அவர் பெயர் நிலைத்தது கிராமங்களில்தான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தபோது, பல மாநிலங்கள் தங்களிடம் கொத்தடிமைகளே இல்லை என்று அறிக்கை அனுப்பிக் கடமையை முடித்துக்கொண்டன. ஆந்திரத்தில் சமூக நலத்துறைச் செயலராக இருந்த சங்கரன், சேரிகளுக்கே சென்று, நீங்கள் யாருக்கும் கடன்பட்டவர்கள் அல்லர் என்று சட்டத்தை எடுத்துரைத்தார். தொழிலாளர்களைத் தூண்டிவிடுகிறார் என்று முதல்வர் கடிந்துகொள்ள, அவர் விடுப்பில் சென்றுவிட்டதாக உடன் இருந்தவர்கள் எழுதியுள்ளனர். அவரைத் தலைமைச் செயலராக அழைத்துக்கொண்டவர் திரிபுரா முதல்வர் நிருபேன் சக்கரவர்த்தி. இருவரும் திருமணம் செய்துகொள்ளாதவர்கள். எளிமையில் யார் யாரை மிஞ்சினார் என்று சொல்வது கடினம்.

மீண்டும் ஆந்திரத்தில் பணிபுரிந்த சங்கரனை, 1987-ல் கிழக்கு கோதாவரி வனப்பகுதியில் சக அதிகாரிகளுடன் நக்ஸலைட்டுகள் கடத்திச் சென்றனர். விடுதலையான பின்னரும் அவர் பழிவாங்கும் மொழியில் பேசியதில்லை. 1997-ல் உருவான அக்கறையுள்ள குடிமக்கள் குழு மூலம் அரசின் போலி மோதல்களையும் நக்ஸலைட்டுகளின் கொலைகளையும் சேர்த்தே கண்டித்தார். 2004-ல் ஹைதராபாதில் இரு தரப்பும் ஒரே மேஜையில் அமர்ந்ததில் அக்குழுவின் பங்கு பெரிது. பேச்சு முறிந்தது வேறு கதை.

ஊரக வளர்ச்சித் துறைச் செயலராக 1992-ல் ஓய்வு பெற்றபின், துப்புரவுத் தொழிலாளர்களின் இயக்கமான சஃபாய் கர்மசாரி அந்தோலனுக்குப் பெஸவாடா வில்சனுடன் இணைந்து வழிகாட்டினார். உலர் கழிப்பிடங்களைத் தடைசெய்யும் 1993-ம் ஆண்டுச் சட்டத்தை மாநிலங்கள் கண்டுகொள்ளாத காலம் அது. 2003-ல் இயக்கம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. தங்கள் மாநிலத்தில் இத்தொழிலே இல்லை என்று அரசுகள் மனுத் தாக்கல் செய்ய, கழிப்பிடத்தின் புகைப்படத்தையும் தொழிலாளியின் பெயரையும் இயக்கத்தினர் நீதிமன்றத்தில் வைத்தனர். கொத்தடிமை விவகாரத்தில் சங்கரன் முன்பே பார்த்த அதே 'இல்லை'தான்.

2005-ல் அறிவிக்கப்பட்ட பத்மபூஷண் விருதை அவர் ஏற்கவில்லை. சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் பெரும்பகுதி தலித் மாணவர்களின் படிப்புக்கே சென்றது. 2010 அக்டோபர் 7-ம் தேதி ஹைதராபாதில் காலமானார்.

அவர் காணாத புதிய சட்டம் 2013 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பழைய சட்டம் கழிப்பிடத்தைப் பற்றியே அதிகம் பேசியது. இது தொழிலாளியின் மறுவாழ்வைப் பற்றியும் பேசுகிறது. அடுத்த ஆண்டு மார்ச்சில், இயக்கத்தின் வழக்கில், 1993 முதல் சாக்கடைகளில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் அத்தொகை 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. அதைப் பெற, இறந்தவர் குழிக்குள் இறங்கித்தான் இறந்தார் என்று ஓர் அதிகாரி கோப்பில் எழுத வேண்டும்.