கம்பு சுற்ற ஒரு களம் வேண்டும்!

ஐந்தரை அடி மூங்கில் கம்பு. கையை நீட்டிச் சுழற்றினால், ஆளைச் சுற்றி ஏழெட்டு அடி காலியாக இருக்க வேண்டும். தலைக்கு மேலே மின்விசிறி இருக்கக் கூடாது. பத்துப் பிள்ளைகள் சேர்ந்து சிலம்பம் பழக எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ராமநாதபுரம் சீமையில் அந்த இடம் எப்படியெல்லாம் மாறியது என்பதே ஒரு தனிக்கதை.

அறுப்பு முடிந்த களம்

இது மானாவாரி பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி ஒரு போகம் நெல். தை, மாசியில் கதிரடித்து முடித்ததும் களம் காலியாகிவிடும். கண்மாயும் வற்றத் தொடங்கும். வேலை ஓய்ந்த அந்த நாள்களில், பொழுது சாய்ந்த பிறகு இளவட்டங்கள் கம்பெடுப்பார்கள். பங்குனி, சித்திரைத் திருவிழா ஊர்வலத்தில் ஆடிக் காட்ட வேண்டுமே!

பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் கடற்கரை மணலே களம். மணலில் பழகுவது லேசான காரியமில்லை. கால் புதையும், கெண்டைச்சதை கடுக்கும். ஆனால், விழுந்தால் அடிபடாது. இன்னொரு வசதியும் உண்டு. சிலம்பத்தில் கையைவிடக் காலடிதான் முக்கியம். மணலில் ஒவ்வொரு காலடியும் தடமாகப் பதிந்து நிற்கும். எங்கே கால் பிசகியது என்பதை வாத்தியார் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஆயுதம் போனது, கம்பு நின்றது

1801-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் தென்பாளையங்களில் கோட்டைகளை இடித்த ஆங்கிலேயக் கம்பெனி, மக்களிடமிருந்த ஆயுதங்களையும் ஒப்படைக்கச் சொன்னது. வாளையும் வேலையும் பிடுங்கலாம். ஆடு மேய்ப்பவர் கையிலும் வண்டி ஓட்டுபவர் கையிலும் இருக்கும் கம்பை என்ன செய்ய முடியும்? களத்துமேடும் கோயில் திடலும் சிலம்பத்தைக் காப்பாற்றிக் கொடுத்தன.

கடலுக்கு அப்பாலும் இதே கதை

பிழைக்கப் போன தமிழர்களோடு சிலம்பம் மலாயாவுக்கும் போனது. அங்கே மலாய்க்காரர்களின் தற்காப்புக் கலை சிலாட். அதைப் பழகும் இடத்துக்கு ‘கெலாங்காங்’ என்று பெயர். ஆசானின் வீட்டு முற்றமோ, தோப்பு நடுவே சுத்தம் செய்த மண்தரையோ போதும். இரவில் விளக்கு வெளிச்சத்தில் பயிற்சி நடக்கும். ஏறக்குறைய நம்ம ஊர்க் களம்தான்!

1980-ல் சிலாட்டுக்குச் சர்வதேசக் கூட்டமைப்பு உருவானது. இன்று போட்டிக் களம் என்றால், 10 மீட்டர் சதுர மெத்தை விரிப்பு. அதற்குள் 8 மீட்டர் வட்டம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாகவே நடந்தது. 2019-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சிலாட் இடம்பிடித்தது. அரங்கத்துக்குப் போனதால் உலகத்துக்கே தெரிந்தது. ஆனால், போட்டிக்காகப் பழகுவது ஒரு வழி, பரம்பரை முறையில் பழகுவது இன்னொரு வழி என்று கலை இரண்டாகவும் பிரிந்தது.

திடலில் கருவேலம், மாடியில் சிலம்பம்

சிலம்பமும் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில், சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. சான்றிதழுக்கு மதிப்பு வந்ததும் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோருக்கும் ஆர்வம் வந்திருக்கிறது.

ஆனால், இடம்? கண்மாய்களையும் புறம்போக்குத் திடல்களையும் சீமைக்கருவேலம் மூடிவிட்டது. களத்துமேட்டின் வேலையை அறுவடை இயந்திரம் எடுத்துக்கொண்டது. மிச்சமிருப்பது பள்ளி மைதானம், மண்டபம், மொட்டைமாடி. சிமென்ட் தரையில் குதித்துப் பழகினால் குதிகாலும் முழங்காலும் வலிக்கும். தாழ்ந்த கூரைக்குக் கீழே உயர வீச்சு வராது. நெருக்கடியில் பழகும் பிள்ளை, கையைச் சுருக்கியே சுற்றப் பழகிவிடும்.

ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். இருட்டிய பிறகு ஆண்கள் கூடும் களத்துமேட்டுக்குப் பெண் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? பள்ளி மைதானத்துக்குச் சிலம்பம் வந்த பிறகுதான், சீருடையோடு சிறுமிகளும் கம்பெடுத்தார்கள். பழைய களம் தராத வாய்ப்பு இது. அதை விட்டுக்கொடுத்துப் பழையபடி திரும்ப வேண்டியதில்லை.

இரண்டையும் சேர்க்க வழி உண்டு. ஊர்த்திடலில் ஓர் ஓரத்தைக் கருவேலம் இல்லாமல் வேரோடு சுத்தம் செய்து, மணல் பரப்பி, இரண்டு விளக்குகள் போட்டால் போதும். ஊராட்சியும் பள்ளியும் மனது வைத்தால் முடிகிற வேலைதான். உங்கள் ஊரில் சும்மா கிடக்கும் திடல் எது? அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அதைக் கேட்டுப் பாருங்களேன்!