தலையை இழுத்துக் கட்டினால் நடை குறையும்!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத் தெருக்களில், காலை வேளையில் பட்டுப் பாவை நீளமாக விரித்து இழுத்துக் கட்டுவார்கள். முனையில் பிடி தளர்ந்தால் நடுவில் பாவு தொய்ந்துவிடும். குதிரையின் உடம்பிலும் இப்படி ஒரு பாவு ஓடுகிறது.

உச்சந்தலைக்குப் பின்னால் தொடங்கி, பிடரி வழியாகத் தோள் மேட்டுக்கு வந்து, முதுகெலும்பின் மேல் நீளும் தடித்த நார்தான் அது. குதிரை தலையைத் தாழ்த்தினால் இந்த நார் இழுபட்டு, முதுகைத் தாங்கிப் பிடிக்கும். தலையை உயர்த்திக் கட்டினால் நார் தளரும், முதுகு பள்ளமாகும். பின்னங்கால்கள் வயிற்றுக்கு அடியில் எட்டி வராது. அடி குட்டையாகிவிடும்.

சும்மா நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவிகிதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. தலையும் கழுத்தும் தராசு முள் மாதிரி அசைந்து அந்த எடையைச் சமன் செய்கின்றன. வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில், முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் கல் குதிரைகளைப் பார்க்கலாம். எடை பின்னங்கால்களுக்குப் போன கணம் அது. உயிருள்ள குதிரை அப்படி வெகுநேரம் நிற்காது.

பாரம் இழுக்கும் குதிரை மேட்டில் ஏறும்போது கழுத்தை நீட்டித் தலையைத் தாழ்த்தும். அழகுக்காகத் தலையை உயர்த்திக் கட்டிவிட்டு, ‘இழுக்க மாட்டேன்கிறது’ என்று சாட்டையை எடுப்பது தவறு. முதலில் கயிற்றைத் தளர்த்துங்கள். 1877-ல் வெளியான ‘பிளாக் பியூட்டி’ என்ற ஆங்கில நாவல், வண்டிக் குதிரைகளுக்குப் போடும் இந்தக் கயிற்றின் கொடுமையைத்தான் ஊருக்குச் சொன்னது. மோவாய் நெஞ்சில் படும்படி இழுப்பதும் ஆகாது. குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. தொண்டை மடங்கினால் காற்றுப்பாதை குறுகும்.

நொண்டலைக் காட்டும் தலை

வாங்கப்போகும் குதிரையைக் கெட்டியான தரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து மெதுவாக ஓடவிடுங்கள். இந்த ஓட்டத்தில் நல்ல குதிரையின் தலை பெரிதாக ஆடாது. முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது கீழே இறங்கும். விற்பவர் தலைக்கயிற்றை இறுக்கிப் பிடித்தே ஓட்டினால், தளர்த்தச் சொல்லிப் பாருங்கள். பின்னங்காலில் வலி என்றால், அந்தப் பக்கத்து இடுப்பு கூடுதலாக ஏறி இறங்கும்.

தீவனமும் பயணமும்

தீவனத்தைத் தாழ்வான தொட்டியில் வையுங்கள். மேயும் நிலையில் தலை இருந்தால் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வெளியே வடியும். லாரியில் பல மணி நேரம் தலையை உயர்த்திக் கட்டிக் கொண்டுபோனால் சளி தங்கி, நுரையீரலில் தொற்று வரலாம். வழியில் நிறுத்தி, தலையைத் தாழ்த்த விடுங்கள். இறக்கிய பிறகு காய்ச்சல், இருமல் தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.