காயின் கலெக்‌ஷன்: குழந்தைக்குப் பணத்தைக் கையில காட்ட ரூ.60 போதும்!



இன்னைக்கு மியூச்சுவல் ஃபண்ட் இல்ல, டேக்ஸ் சேவிங் இல்ல. குழந்தைகளோட சேர்ந்து நாணயம் சேர்க்கிறதைப் பத்திப் பேசப் போறோம். "சிஏ எதுக்குங்க இதைப் பேசணும்?"னு கேட்டா, காரணம் இருக்கு.

நம்ம திருப்பூர்ல ஒரு காலத்துல சனிக்கிழமை ஆனா வீட்டுக்குச் சம்பளக் கவர் வரும். அப்பா எண்ணுவார், அம்மா பிரிச்சு வைப்பாங்க, பசங்க பக்கத்துல உட்கார்ந்து பார்ப்பாங்க. மளிகைக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவுன்னு பணம் குறையறதைக் கண்ணால பார்த்து வளர்ந்த தலைமுறை நாம. இப்போ சம்பளம் அக்கவுண்ட்ல விழுது, செலவு யுபிஐ-ல போகுது. அஞ்சு வயசுக் குழந்தை பார்க்கிறது ஒண்ணுதான்: போனைக் காட்டினா கடைக்காரர் பொருள் தர்றார். அந்தக் குழந்தைக்குப் பணம்ங்கிறது தீர்ந்து போகாத ஒரு விஷயம்.

இதைச் சரிபண்ண ரொம்பச் சுலபமான வழி நாணயம். கையில பிடிக்கலாம், எண்ணலாம், ஒண்ணு கொடுத்தா ஒண்ணு குறையும்.

முதல் வருஷம் ஒரே ரூல்: முகமதிப்புக்கு மேல கொடுக்காதீங்க

கடையில போய் ஆல்பமும் பழைய காசும் வாங்கி ஆரம்பிக்க வேண்டாம். உங்க வீட்டுச் சில்லறை டப்பாவே போதும். இதுதான் முதல் விளையாட்டு.

எந்த நாணயத்தையும் எடுத்து, அதுல இருக்கிற வருஷத்துக்குக் கீழே பாருங்க. சின்னதா ஒரு குறி இருக்கும். வைர வடிவம் இருந்தா மும்பை நாணயச்சாலை. நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத். வட்டப் புள்ளி இருந்தா நொய்டா. எந்தக் குறியும் இல்லைன்னா கொல்கத்தா. இந்தியாவுல நாணயம் அடிக்கிற இடம் இந்த நாலுதான்.

இப்போ ஒரு சார்ட் பேப்பர் எடுத்துக் கட்டம் போடுங்க. இடதுபக்கம் 2011-ல இருந்து 2025 வரைக்கும் வருஷம், மேலே நாலு ஊர். மொத்தம் 60 கட்டம். எல்லாக் கட்டமும் ரொம்பாது, ஏன்னா எல்லா ஊர்லயும் எல்லா வருஷமும் அடிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல. ஆனா ஒரு ரூபாய் காசா வெச்சே நிரப்பினா, அதிகபட்ச முதலீடு ரூ.60. வேண்டாம்னா திரும்பக் கடையில கொடுத்துடலாம், நஷ்டம் ஜீரோ. இந்த மாதிரி ஒரு ஸ்கீம் எந்த ஏஜென்ட்டும் உங்களுக்குத் தர மாட்டார்!

ஏன் 2011? அந்த வருஷத்துலதான் ₹ குறியீடு நாணயத்துல வந்தது. அந்தக் குறியீட்டை வடிவமைச்ச உதயகுமார் நம்ம தமிழ்நாட்டுக்காரர். 2010-ல அது தேர்வாச்சு. இதைச் சொல்லிப் பாருங்க, குழந்தை அடுத்த நாளே ஸ்கூல்ல போய்ச் சொல்லும்.

அடுத்த விளையாட்டு காந்தம். ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கிற காந்தத்தை எடுத்து வைங்க. இப்போ புழக்கத்துல இருக்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு ரூபாய் ஒட்டும். மஞ்சள் நிற அஞ்சு ரூபாய் ஒட்டாது, அது நிக்கல் கலந்த பித்தளை. "ஏம்ப்பா?"னு கேள்வி வரும். அங்கதான் உங்க வேலை ஆரம்பிக்குது.

தாத்தா பாட்டி இல்லாம இந்த ஹாபி முழுமை ஆகாது

ஊருக்குப் போறப்போ அப்பிச்சி, அம்மாயிகிட்ட கேட்கச் சொல்லுங்க. சாமி ரூம் டப்பாவுலயோ, பழைய டிரங்குப் பெட்டியிலயோ கண்டிப்பா ஏதாவது கிடக்கும். நடுவுல ஓட்டை போட்ட காலணா கிடைச்சா, அது 1943-க்கும் 1947-க்கும் இடையில அடிச்சது. சதுரமா அஞ்சு பைசா, வளைவு வளைவா பத்துப் பைசா, தாமரை போட்ட பித்தளை இருபது பைசா எல்லாம் அதுக்கப்புறம் வந்தது.

"நாலணா, எட்டணா"ன்னு இன்னைக்கும் பெரியவங்க சொல்றாங்களே, அது ஏன்னு குழந்தைக்குச் சொல்லுங்க. 1957 ஏப்ரல் 1 வரைக்கும் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 4 பைசா. அதாவது ரூபாய்க்கு 64 பைசா. அந்தத் தேதியிலதான் 100 பைசா கணக்கு வந்தது. ஜனங்க குழம்பிடக் கூடாதுன்னு புதுக் காசுக்கு "நயா பைசா"ன்னு பேர் வெச்சாங்க. 1964-ல அந்த "நயா" போயிடுச்சு. மூணாங்கிளாஸ் குழந்தைக்கு இதைவிட நல்ல கணக்குப் பாடம் இருக்கா?

அப்புறம் அம்மாயிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்க: "இந்த நாலணாவுக்கு அப்போ என்ன வாங்குவீங்க?" பதில் வரும்போது பணவீக்கம்னா என்னன்னு குழந்தைக்குப் புரிஞ்சிடும். 25 பைசாவும் அதுக்குக் கீழே உள்ளதும் 2011 ஜூன் 30-க்கு அப்புறம் செல்லாது. 50 பைசா இன்னும் சட்டப்படி செல்லும், கடைக்காரர் முகம் சுளிச்சாலும்.

நம்ம ஊர் எக்ஸ்போர்ட் கதை, 2,000 வருஷத்துக்கு முன்னாடி

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. நம்ம ஊர்ல பையர் கொடுக்கிற ஆர்டருக்கு டாலரும் யூரோவும் வருது. 2,000 வருஷத்துக்கு முன்னாடி இதே கொங்கு நாட்டுக்கு ரோமானியக் காசு வந்திருக்கு. நொய்யல் கரையில இருக்கிற கொடுமணல், அந்தக் காலத்துல மணி, கல் நகை, இரும்பு எல்லாம் செஞ்ச தொழில் ஊர். பதிற்றுப்பத்துல கொடுமணம்னு வர்ற ஊர் இதுதான்னு அறிஞர்கள் சொல்றாங்க. காங்கேயம் பக்கத்துல படியூர் பச்சைக்கல்லுக்குப் பேர் போனது. ரோமானிய வெள்ளிக் காசுப் புதையல்கள் கோவை வெள்ளலூர், நம்ம கத்தாங்கண்ணி, உடுமலைப் பக்கம் பூதிநத்தம்னு பல இடத்துல கிடைச்சிருக்கு. அகஸ்டஸ், டைபீரியஸ்ங்கிற ரெண்டு பேரரசர்கள் காசுதான் அதிகம்.

ரோம்ல பிளினி எழுதி வெச்சிருக்கார், வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போயிடுதுன்னு புலம்பி! இன்னைக்கு நியூஸ்ல வர்ற வர்த்தகப் பற்றாக்குறைப் புலம்பல் அன்னைக்கே இருந்திருக்கு. கரூர் அமராவதி ஆத்துல "மாக்கோதை"ன்னு பேர் பொறிச்ச சேரர் வெள்ளிக் காசு கிடைச்சது. அதுல இருக்கிற அரசன் தலை ரோமானியக் காசைப் பார்த்துச் செஞ்ச மாதிரியே இருக்கும்.

உங்க கம்பெனியில மெர்ச்சண்டைசர் யாராவது ஃபேருக்காக ஜெர்மனி, ஸ்பெயின் போய்ட்டு வந்தா, மிச்சச் சில்லறையைக் கேட்டு வாங்குங்க. யூரோ காசுல ஒருபக்கம் பொது, மறுபக்கம் நாட்டுக்கு நாடு மாறும். "ஒரே காசை ஏன் இத்தனை நாடு வெச்சிருக்கு?"ன்னு ஒரு கேள்வி போதும், ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போயிடும்.

லீவுல சென்னை போனா எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல நாணயக் காட்சியகத்தைக் காட்டுங்க. புழக்கத்துல தேடவும் நம்மாளுங்க காசு இருக்கு: காமராஜர் (2003), அண்ணா (2009), நம்ம பொள்ளாச்சிப் பக்கத்துச் சி.சுப்பிரமணியம் (2010), எல்லாம் அஞ்சு ரூபாய். அண்ணா காசுல அவரோட தமிழ்க் கையெழுத்தே இருக்கும். சில்லறையில சிக்கினா அன்னைக்கு வீட்டுல தீபாவளிதான்.

இப்போ ஆடிட்டரா பேசறேன், கவனமாக் கேளுங்க

"இந்த வருஷத்து ஒரு ரூபாய் இருந்தா நீங்க லட்சாதிபதி"ன்னு வீடியோ பார்த்திருப்பீங்க. பார்த்துட்டு யாராவது விளம்பரம் போட்டா, உடனே ஒரு போன் வரும். "சார், உங்க காசுக்கு அஞ்சு லட்சம் ஓகே. முதல்ல ரிஜிஸ்ட்ரேஷன் ரூ.1,500 அனுப்புங்க." அனுப்பினா அடுத்து ஜிஎஸ்டி, அடுத்து ரிசர்வ் வங்கி என்ஓசி கட்டணம். கடைசிவரை அஞ்சு லட்சம் வராது. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்லயே எச்சரிக்கை வெளியிட்டிருக்கு: பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கிறதுல எங்களுக்குச் சம்பந்தமே இல்ல, யாரையும் கட்டணம் வாங்கச் சொல்லலைன்னு. ஞாபகம் வெச்சுக்கோங்க: பணம் வாங்கிறதுக்கு யாரும் பணம் கட்ட வேண்டியதில்ல, யுபிஐ பின் நம்பரும் போட வேண்டியதில்ல.

ரெண்டாவது, இது முதலீடு இல்ல. கணக்கு பாருங்க. இன்னைக்கு ஒரு ரூ.10 காசை டப்பாவுல போட்டு 18 வருஷம் வெச்சா, 6% பணவீக்கத்துல அதோட வாங்கும் சக்தி சுமார் ரூ.3.50. அரிய காசுன்னா விலை ஏறலாம், ஆனா நீங்க வாங்கின விலைக்கும் டீலர் திரும்ப எடுக்கிற விலைக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்கும். குழந்தை படிப்புக்கான எஸ்ஐபி, செல்வமகள் சேமிப்பு எல்லாம் தனி. ஹாபிக்கு மாசம் ரூ.200-ன்னு ஒரு வரம்பு வைங்க. அதையும் குழந்தை கையிலயே கொடுத்துக் கணக்கு எழுதச் சொல்லுங்க. ஒரு மாசம் செலவு பண்ணலைன்னா அடுத்த மாசத்துக்குச் சேரும். பட்ஜெட், பொறுமை ரெண்டும் இதுலயே வந்துடும்.

மூணாவது, சட்டம். மண்ணைத் தோண்டுறப்போ புதையல் கிடைச்சா 1878-ம் வருஷச் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லணும். ஆத்துல, காட்டுல எடுத்ததுன்னு யாராவது விக்க வந்தா வாங்காதீங்க. 100 வருஷத்துக்கு மேலான காசு தொல்பொருள், வெளிநாட்டுக்கு நீங்க எடுத்துட்டுப் போக முடியாது. செல்லுற நாணயத்தை உருக்கிறதும் சிதைக்கிறதும் 2011 நாணயச் சட்டப்படி குற்றம். அதனால ஓட்டை போட்டு டாலர் செய்யற வேலை வேண்டாம். வாங்கி வாங்கி வித்துட்டே இருந்தா அது ஹாபி இல்ல, பிசினஸ். லாபத்தை வருமானத்துல காட்டணும்.

சில நடைமுறை டிப்ஸ்

- மூணு வயசுக்குக் கீழ குழந்தை இருந்தா காசு டப்பா மேல் ஷெல்ஃப்ல. வாயில போட்டுக்கிற ஆபத்து நிஜமானது.
- பழைய காசைப் புளி, எலுமிச்சை, பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீங்க. பளபளப்பு வரும், மதிப்பு போயிடும்.
- விளிம்பைப் பிடிச்சு எடுக்கப் பழக்குங்க. முகத்துல விரல் படக் கூடாது.
- மட்டமான பிவிசி கவர் காசைக் கெடுக்கும். காகித அட்டை ஹோல்டர் போதும்.
- வெளியில ஓடாத நினைவு நாணயம் வேணும்னா, அரசு நாணயச்சாலையோட ஆன்லைன் தளத்துலயே வாங்குங்க. எம்.ஜி.ஆர், கலைஞர் நூறு ரூபாய் காசெல்லாம் அந்த வகைதான்.

ஷிப்மென்ட் டைம்ல வீட்டுக்கு வரவே ஒன்பது மணி ஆகுதுன்னு சொல்வீங்க, தெரியும். வாரத்துக்கு அரை மணி நேரம் போதும். ஞாயித்துக்கிழமை அந்த வாரத்துச் சில்லறையை மேசையில கொட்டுங்க, போனைத் தள்ளி வைங்க, கட்டத்தை நிரப்புங்க. எந்தக் கட்டம் காலியா இருக்குன்னு உங்களைவிடக் குழந்தைக்கு நல்லா ஞாபகம் இருக்கும்.

இன்னைக்கு வீட்டுக்குப் போறப்போ டீக்கடையில மீதியைச் சாக்லேட்டா வாங்காம, காசாக் கேட்டு வாங்கிட்டுப் போங்க. வருஷத்துக்குக் கீழே என்ன குறின்னு குழந்தையே கண்டுபிடிக்கட்டும்.

அடுத்த பதிவுல சந்திப்போம்.