ஒளியால் வெப்பம் அறிதல்

விரைந்து சுழலும் விசைப்பொறியின் இதழ்கள் மிகச் சூடேறினால் முறிந்து பேராபத்து விளையும். ஆயினும், சுழலும் இதழில் வெப்பமானியை வைப்பது எங்ஙனம்? இங்கே உதவுவது பொஸ்பர் என்னும் ஒளிரும் பொருள். அதனை மெல்லிதாகப் பூசி, புறஊதாக் கதிரைக் கணநேரம் பாய்ச்சினால், கதிர் நின்றபின்னும் பூச்சு சிறிது ஒளிரும். வெப்பம் மிகுந்தால் அவ்வொளி விரைந்து மங்கும். மங்கும் நேரத்தை அளந்தால், தொடாமலே வெப்பநிலையை அறியலாம்.

தகைப்பையும் ஒளியால் அறியலாம். யூரோப்பியம் கலந்த ஸ்ரொன்சியம் அலுமினேற்று அழுத்தம் பட்டாலே ஒளிரும் என்பதை 1999இல் யப்பானிய ஆய்வாளர் வெளியிட்டனர். உருக்கில் வெடிப்பு தோன்றினால் அதன் முனையில் தகைப்பு மிகும். மேலே பூசிய பூச்சும் அவ்விடத்தே மிகுதியாக ஒளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் காட்டிக்கொடுக்கும்.

யூரோப்பியம் அருமண் தனிமங்களுள் ஒன்று. அருமண் செறிந்த மொனசைற்று, புல்மோட்டைக் கரையின் கனிய மணலில் சிறிதளவு உண்டு. அதற்கு வடக்கே, முல்லைத்தீவின் கொக்கிளாயிலும் கனிய மணல் காணப்படுகின்றது. அம்மணலின் அருமையை வன்னி மாணவர் கற்றறிதல் வேண்டும்.